பாயிண்ட்டைக் கழற்றும் முன் க்ராங்க்கைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1970-களில் வந்த 250 சி.சி. டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக் ஒன்று இருக்கிறது. பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), கண்டன்சர் வைத்த பழைய மேக்னெட் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்). ஆறியிருக்கும்போது இரண்டாவது கிக்கிலேயே பிடித்துக்கொள்கிறது. கால் மணி நேரம் ஓட்டினால் டாப்பில் விட்டுவிட்டு அடிக்கிறது. நிறுத்தினால், எஞ்சின் ஆறும்வரை ஸ்டார்ட் ஆவதே இல்லை. கண்டன்சரை இரண்டு முறை மாற்றியாயிற்று. மொத்தமாக எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடலாமா? எந்த வகை வாங்குவது, நானே பொருத்த முடியுமா, டைமிங் எப்படி வைப்பது?

பதில்: மாறலாம். நீங்களே பொருத்தவும் முடியும். ஆனால் புது கிட் வாங்கி மாட்டிய பிறகும் இதே கோளாறு தொடர்ந்தால் பணமும் போகும், மனமும் நோகும். அதனால் கோளாறு உண்மையிலேயே இக்னிஷனில்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாத அந்த நேரத்திலேயே பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட்டில் நன்றாக எர்த் படும்படி வைத்து கிக் செய்து பாருங்கள். பெட்ரோல் ஆவி வெளியே வரும் என்பதால் பிளக் துளையை ஒரு துணியால் அடைத்துவிட்டு, பிளக்கைத் தள்ளி வையுங்கள். பொறி நீலமாக, பளிச்சென்று வந்தால் கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டரிலோ கம்ப்ரஷனிலோ இருக்கிறது. மஞ்சளாக, மெலிதாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ இக்னிஷன்தான்.

அடுத்தது மேக்னெட்டுக்குள் இருக்கும் காயில். கண்டன்சருக்கு அடுத்தபடி சூட்டில் கைவிடுவது இதுதான். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் எனாமல் பூச்சு ஐம்பது வருஷத்தில் விரிசல் விட்டுவிடும். சூடேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். மல்டிமீட்டரால் அளக்கும் முன் பாயிண்ட்டுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் அது காயிலை எர்த் செய்துவிடும், அளவு பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் காட்டும். ஆறியிருக்கும்போது ஒரு அளவு, ஓட்டி நிறுத்தியதும் ஒரு அளவு. செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். ஆக 60 டிகிரி சூடேறிய காயில் 23, 24 சதவீதம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. சூட்டில் அளவு குறைந்தாலோ, இணைப்பே அற்றதுபோல் காட்டினாலோ காயில் போய்விட்டது. அளவு சரியாக இருப்பதாலேயே காயில் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது. இரண்டு, மூன்று சுற்றுகள் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் மீட்டரில் தெரியாது, பொறியில்தான் தெரியும்.

டாப்பில் விட்டுவிட்டு அடிப்பதற்குப் பாயிண்ட்டே காரணமாக இருக்கலாம். 8,000 ஆர்.பி.எம்.-மில் பாயிண்ட் ஒரு நொடிக்கு 133 முறை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மூடவேண்டிய நேரத்தில் துள்ளும். கேமில் உரசும் ஃபைபர் கட்டை தேய்ந்தாலோ இடைவெளி குறைந்து பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னால் போகும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் இந்த இரண்டு தொல்லைகளையும் அடியோடு ஒழித்துவிடும். ஒழிக்க முடியாதது ஒன்று உண்டு, அதுதான் க்ராங்க் (பிஸ்டனின் மேல்-கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) தரும் தொல்லை.

பாயிண்ட் கேமும் சரி, புது ரோட்டரும் (புது இக்னிஷனில் சுற்றும் காந்தப் பகுதி) சரி, உட்கார்வது க்ராங்க்கின் முனையில். அந்த முனை ஆடினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இக்னிஷனும் ஆடிக்கொண்டேதான் பொறி விடும். மேக்னெட்டைக் கழற்றியதும் டயல் கேஜை க்ராங்க் முனையில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். 0.05 மி.மீ.-க்கு மேல் முள் அசைந்தால் க்ராங்க் நேராக இல்லை. பிறகு முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்; கையில் ஆட்டம் தட்டுப்பட்டால் மெயின் பேரிங் முடிந்துவிட்டது. உள் ரோட்டருக்கும் (காயில்களுக்கு உள்ளே சுற்றும் வகை) ஸ்டேட்டருக்கும் (காயில்கள் இருக்கும் அசையாத பகுதி) இடையே அரை மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான் இருக்கும். தேய்ந்த பேரிங்கோடு ஓட்டினால் ரோட்டர் ஸ்டேட்டரை உரசி, இரண்டும் குப்பைக்குப் போகும்.

மேக்னெட் பக்க ஆயில் சீலை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது கிழிந்திருந்தால் ஆயில் கலந்த பெட்ரோல் கசிந்து பாயிண்ட்டை நனைக்கும்; அதே வழியாக வெளிக்காற்று க்ராங்க்கேஸுக்குள் புகுந்து கலவையை லீனாக்கும், அதாவது பெட்ரோல் விகிதத்தைக் குறைக்கும். சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சீல் மாற்றியபின் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் அடைத்துவிட்டு 0.4 பார் காற்றழுத்தம் கொடுங்கள். ஆறு நிமிடம் முள் இறங்காமல் நின்றால் சரி. இறங்கினால் சோப்பு நீர் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இனி கிட். பழைய மேக்னெட்டை அப்படியே வைத்துக்கொண்டு பாயிண்ட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பெட்டியை இணைக்கும் வகை ஒன்று உண்டு. விலை குறைவு, ஆனால் உங்களுக்கு உதவாது. சந்தேகத்துக்குரிய அதே காயில்தான் அங்கேயும் வேலை செய்யவேண்டும். ஸ்டேட்டர், ரோட்டர், எச்.டி. காயில் (பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் ஹை-டென்ஷன் காயில்) எல்லாம் சேர்ந்த முழு கிட்டைத்தான் வாங்கவேண்டும். பெரும்பாலானவை சிடிஐ, அதாவது கெப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தால் பொறி தரும் வகை. ஸ்டேட்டரிலுள்ள காயில் ஒரு கெப்பாசிட்டரைச் சில நூறு வோல்ட்டுக்கு ஏற்றி வைக்கும். பிக்கப் காயிலிலிருந்து சைகை வந்ததும் தைரிஸ்டர் என்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச் திறந்து, அந்த மின்சாரம் முழுவதையும் ஒரே வீச்சில் எச்.டி. காயிலுக்குள் கொட்டும். பொறி சட்டென்று எழும் என்பதால் ஆயில் படிந்த பிளக்கும் எரியும். சிடிஐ-க்கான எச்.டி. காயில் வேறு, பாயிண்ட்டுக்கான காயில் வேறு. பெட்டியில் என்ன வந்ததோ அதையே போடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய காயிலைச் சொருகிப் பார்க்கவேண்டாம்.

பழைய காலத்து மோட்டோபிளாட் எலெக்ட்ரானிக் செட் பழைய சரக்காகக் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். பிசினில் ஊற்றி இறுகவைத்த அந்தக் காயில்களுக்கும் வயதாகிவிட்டது, சூட்டில் அவையும் அதே வேலையைத்தான் காட்டும். இன்று தயாராவதில் பிவிஎல், பவர்டைனமோ, எலெக்ட்ரெக்ஸ் போன்றவை பழைய மோட்டோகிராஸ் பைக்குகளுக்கென்றே கிட் தருகின்றன. ஆர்டர் கொடுக்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது (மேக்னெட் பக்கம் நின்று பார்த்து), க்ராங்க் டேப்பரின் (ரோட்டர் உட்காரும் கூம்பு முனை) பெரிய விட்டம், சிறிய விட்டம், நீளம், கவருக்குள் இருக்கும் ஆழம் ஆகியவற்றை அளந்து அனுப்புங்கள். சுழலும் திசை மாறிப்போன கிட், ஒன்று ஸ்டார்ட்டே ஆகாது, அல்லது கிக்கரைத் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்க்கும். ரேஸில் ஓட்டுவதாக இருந்தால் உங்கள் பிரிவில் டிஜிட்டல் இக்னிஷனுக்கு அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள் ரோட்டரா, காயில்களுக்கு வெளியே சுற்றும் வெளி மேக்னெட்டா? பலரும் இதில்தான் அவசரப்பட்டுத் தவறுகிறார்கள். உள் ரோட்டர் எடை குறைந்தது, எஞ்சின் சடாரென்று ஏறும், கையில் பிடிக்கும்போது ரேஸ் சாமான் என்று மனதையும் கவரும். ஆனால் சுழலும் பொருளின் உந்தம் எடையோடு மட்டும் கூடுவதில்லை, ஆரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 50 மி.மீ. ஆரத்தில் இருக்கும் ஒரு வளையம், அதே எடையோடு 30 மி.மீ.-இல் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 2.8 மடங்கு உந்தத்தைச் சேர்த்துவைக்கும். அதை எடுத்துவிட்டால் மெதுவான வளைவில் எஞ்சின் அணையும், வழுக்குத் தரையில் பின்சக்கரம் பிடிமானமில்லாமல் சுழலும். சுஸுகியின் டிஎம்400 ஓட்டுவதற்குக் கொடூரமான வண்டி என்று பெயர் வாங்கியதற்கு அதன் இக்னிஷன் திடீரென்று அட்வான்ஸ் ஆனதும் (பொறி முன்கூட்டியே விழுவது) ஒரு காரணம். பவர் கூடினால் மட்டும் போதாது, அது எப்படி வந்து சேர்கிறது என்பதும் முக்கியம். உங்கள் 250-க்கு வெளி மேக்னெட் கிட்டைச் சொல்வோம். உள் ரோட்டர்தான் கிடைக்கிறது என்றால், அதற்கென்று விற்கும் கூடுதல் எடைத் தட்டையும் சேர்த்து வாங்குங்கள்.

பழைய மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர்தான் வேண்டும். மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுத்தால் மேக்னெட் கோணும். க்ராங்க் முனையில் சுத்தியலால் அடித்தால் க்ராங்க்கே கோணும். புல்லர் வாங்கும் முன் மரையை அளங்கள். பல மேக்னெட்டுகளில் இது இடது மரை. புல்லரைக் கடைசி மரைவரை ஏற்றி, நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் ஒரே ஒரு தட்டு தட்டினால் ‘டக்’கென்று விடும்.

அடுத்துச் செய்யும் வேலையைப் பொறுத்துத்தான் கிட் நிலைக்கும். ரோட்டரைப் பிடித்து நிறுத்துவது உட்ரஃப் கீ (க்ராங்க் பள்ளத்தில் உட்காரும் அரைவட்டத் துண்டு) அல்ல, டேப்பரின் பிடி. கீ இடத்தைக் காட்டுவதோடு சரி. பல கிட்டுகளில் கீ போடவே கூடாது. டேப்பரில் மார்க்கிங் புளூவை (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) மெலிதாகத் தடவி, ரோட்டரை அழுத்திவைத்து எடுத்துப் பாருங்கள். நான்கில் மூன்று பங்காவது பரவலாக ஒட்டியிருக்கவேண்டும். ஒரு முனையில் மட்டும் பட்டிருந்தால், மிக நைசான வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவி, ரோட்டரைக் கையால் முன்னும் பின்னும் திருப்பித் தேயுங்கள். சாம்பல் நிறம் ஒரே சீராகப் படர்ந்ததும் நிறுத்திவிடவேண்டும். பேஸ்ட் பேரிங் பக்கம் போகாதபடி ஆயில் சீலின் மேல் துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரண்டு பரப்பையும் அசிட்டோனால் துடைத்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் மாட்டவேண்டும். கிரீஸ், லாக்டைட் எதுவும் வேண்டாம்.

ஸ்டேட்டர் தட்டை அதன் நீள்துளைகளின் நடுவில் வைத்து இறுக்குங்கள். இரு பக்கமும் திருப்ப இடம் வேண்டும். ரோட்டரை வைத்துச் சுற்றிப் பார்த்து, ஃபீலர் கேஜால் நான்கு இடங்களில் இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் தட்டு அதன் குழியில் சரியாக உட்காரவில்லை.

டைமிங்குக்கு முதலில் டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். பிளக் துளையில் டயல் கேஜைப் போட்டு, முள் திரும்பும் இடத்தைப் பிடியுங்கள். பிளக் துளை சாய்வாக இருந்தால் இந்த அளவு பொய் சொல்லும். ஹெட்டைக் கழற்றிவிட்டு அளப்பதே நல்லது. 64 மி.மீ. ஸ்ட்ரோக், 125 மி.மீ. கனெக்டிங் ராட் உள்ள எஞ்சினில் 18 டிகிரி என்பது டிடிசி-க்கு முன் 1.96 மி.மீ., 20 டிகிரி 2.41, 22 டிகிரி 2.91. அதாவது கால் மில்லிமீட்டர் தவறினால் ஒரு டிகிரி போய்விடும். எந்த எண்ணை வைப்பது? கிட்டோடு வந்த தாளில் உள்ளதை. பழைய மேனுவலில் இருப்பது பாயிண்ட்டுக்கான எண். எலெக்ட்ரானிக் கிட் ஆர்.பி.எம். ஏற ஏறத் தானாகவே டைமிங்கை நகர்த்தக்கூடும் என்பதால் இரண்டையும் கலக்கக் கூடாது.

டிடிசி-யைக் கண்டதும் எஞ்சினைச் சுற்றும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் அதிகமாகவே திருப்பி, பிறகு சரியான திசையில் வந்து அந்த அளவில் நிறுத்துங்கள். பேரிங், ராட் ஆட்டமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். ரோட்டர் குறியும் ஸ்டேட்டர் குறியும் நேராக வரும்படி ரோட்டரை டேப்பரில் அழுத்தி, பிடிப்பானால் பிடித்துக்கொண்டு, கிட் சொல்லும் டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ரோட்டர் நூலளவு நகர்ந்தே தீரும். மறுபடி அளந்து, மிச்சத்தை ஸ்டேட்டரில் சரிசெய்யுங்கள். சுற்றும் திசைக்கு எதிராகத் தட்டைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட் (பொறி தாமதமாவது). 50 மி.மீ. ஆரத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் 1.15 டிகிரி.

வயரிங்கில் பாதிக் கோளாறு எர்த்தில். எச்.டி. காயில் உட்காரும் இடத்தில் ஃபிரேமின் பெயின்ட்டைச் சுரண்டி, எஞ்சினிலிருந்து காயிலுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுங்கள். காயிலை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி, டேங்க்குக்குக் கீழே காற்று படும் இடத்தில் வையுங்கள். செம்புக் கம்பி உள்ள பிளக் வயர், 5 கிலோ-ஓம் ரெசிஸ்டர் கேப் போடுங்கள். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பொறியின் இரைச்சலே டிஜிட்டல் பெட்டியைக் குழப்பும். பிளக் இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. பிளக்கை எர்த் செய்யாமல் ஒருபோதும் கிக் செய்யாதீர்கள். உயர் அழுத்தம் போக வழியில்லாமல் காயிலின் உள்ளேயே துளைத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் ஆனதும் டைமிங் லைட்டைத் தனி பேட்டரியில் இணைத்து, தாளில் சொன்ன ஆர்.பி.எம்.-மில் குறியைப் பாருங்கள். குறி நிலையாக நிற்கவேண்டும், அல்லது சீராக நகரவேண்டும். இரட்டையாகத் தெரிந்தாலோ குதித்தாலோ ரெசிஸ்டர் கேப்பையும் எர்த்தையும் பாருங்கள். அவை சரி என்றால், மேலே சொன்ன க்ராங்க் ஆட்டம்தான். ஓட்டியபின் பிளக் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பு, வெள்ளிப் புள்ளிகள் இருந்தால் அட்வான்ஸ் அதிகம். உடனே நிறுத்துங்கள், அடுத்து பிஸ்டனில் துளை விழும். வண்டி மந்தமாகி, எக்ஸாஸ்ட் குழாய் வழக்கத்துக்கு மேல் கொதித்தால் ரிடார்ட் அதிகம். டைமிங் சரியான பிறகே கார்புரேட்டர் ஜெட்டில் கை வையுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கவரைத் திறந்து நட்டின் டார்க்கைச் சரிபாருங்கள். ரோட்டர் மையத்தைச் சுற்றித் துருப்போலச் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் டேப்பர் பிடிக்கவில்லை, உள்ளே நுண்ணியதாக உரசிக்கொண்டிருக்கிறது. நட்டை இன்னும் இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காமல், கழற்றி மறுபடி பேஸ்ட் போட்டுத் தேயுங்கள்.