மூன்று வேலை நாட்கள்: அமெரிக்கத் துப்பாக்கி விற்பனைச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பின்னணியைச் சோதித்த பிறகுதான் கடையில் துப்பாக்கி விற்கிறார்கள் என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும், "கொலையாளி அதைக் கடையில் முறைப்படி வாங்கியிருந்தார்" என்று செய்தி வருகிறது. அந்தச் சோதனையில் எதைத்தான் பார்க்கிறார்கள்?
(வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: கடைக்குள் நடப்பது இதுதான். வாங்க வருபவர் படமுள்ள அரசு அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதிக்குப் பிறகு ஆம், இல்லை என்று பதில் தரவேண்டிய கேள்விகள் வரும். கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவரா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா, நீதிமன்றம் உங்களைக் கட்டாய மனநலச் சிகிச்சைக்கு அனுப்பியதா, போதைப்பொருள் பயன்படுத்துகிறீர்களா என்பவை அவற்றில் சில. மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது குற்றமே என்ற எச்சரிக்கை அந்தப் படிவத்திலேயே இருக்கிறது.

பிறகு கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் 'நிக்ஸ்' என்ற சோதனை அமைப்பையோ, சில மாநிலங்களில் மாநிலக் காவல்துறையையோ தொடர்புகொள்வார். வரும் பதில் மூன்றில் ஒன்று: விற்கலாம், விற்கக் கூடாது, பொறுத்திருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்.

உங்கள் கேள்விக்கான விடை 'பொறுத்திருங்கள்' என்பதில் பாதி இருக்கிறது. மூன்று வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால், கூட்டாட்சிச் சட்டப்படி கடைக்காரர் விற்றுவிடலாம். விற்றே ஆகவேண்டும் என்றில்லை, சில பெரிய கடைகள் விற்பதுமில்லை. ஆனால் சட்டம் தடுக்காது. 2015 ஜூன் 17 அன்று தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில், இமானுவேல் தேவாலயத்தில் வேதபாட வகுப்புக்கு வந்திருந்த ஒன்பது பேரைக் கொன்றவன் தன் கைத்துப்பாக்கியை அப்படித்தான் பெற்றான். போதைப்பொருள் வைத்திருந்ததை அவன் முன்பே காவல்துறையிடம் ஒப்புக்கொண்டிருந்தான். அந்த ஆவணம் கிடைத்திருந்தால் விற்பனை நின்றிருக்கும். சோதித்த அதிகாரி அதை வேறொரு கவுண்டி அலுவலகத்தில் தேடிக்கொண்டிருந்தார், மூன்று நாள் ஓடிவிட்டது. வாங்கியது ஏப்ரலில், கொலை நடந்தது ஜூனில். இடையில் இரண்டு மாதம் இருந்தும் துப்பாக்கி திரும்பப் பெறப்படவில்லை.

மீதிப் பாதி, பதிவே ஏறாத பதிவுகள். 'நிக்ஸ்' தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை, அனுப்பப்பட்டதைத்தான் பார்க்கும். 2017 நவம்பரில் டெக்சாஸின் சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்கள் பறிபோயின, தாயின் வயிற்றில் இருந்த சிசுவையும் சேர்த்து. கொலையாளி மனைவியையும் அவருடைய குழந்தையையும் தாக்கியதற்காக விமானப்படையின் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். விமானப்படை அந்தத் தகவலை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவில்லை. எனவே சோதனை 'விற்கலாம்' என்றது. 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவனை, 'தனக்கே ஆபத்தானவன்' என்று சிறப்பு நீதிபதி ஒருவர் 2005-லேயே அறிவித்திருந்தார். உள்நோயாளியாக அனுப்பாமல் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு உத்தரவிட்டதால் அந்தத் தீர்ப்பு பட்டியலில் ஏறவில்லை. சட்டத்தில் தடை இருந்தது, அதைச் சொல்லும் காகிதம்தான் போய்ச் சேரவில்லை.

உங்கள் மாநிலத்தில் கடைக்குப் போகும் முன்பே காவல்துறையிடம் வாங்கும் அனுமதி பெற வேண்டும். இந்த முறையைத்தான் நாங்கள் அதிகம் நம்புகிறோம். இதில் பதில் வரும்வரை விற்பனை நிற்கிறது. மூன்று நாளில் தானாகத் திறக்கும் கதவு இதில் கிடையாது.

கேள்வி: தனியாரிடம் வாங்கினால் சோதனையே இல்லை என்பது உண்மையா?
(வாசகர், ஓஹாயோ)

பதில்: கூட்டாட்சிச் சட்டத்தில் உண்மைதான். சோதனைக் கடமை உரிமம் பெற்ற விற்பனையாளருக்கு மட்டுமே. தன்னிடம் உள்ள துப்பாக்கியை அதே மாநிலத்தவருக்கு எப்போதாவது விற்கும் தனிநபருக்கு அது இல்லை. வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ விற்றால் மட்டும் குற்றம். இந்த இடைவெளியைச் சுமார் இருபது மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் முழுதாகவோ பகுதியாகவோ அடைத்துள்ளன. உங்கள் ஓஹாயோ அதில் இல்லை.

சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்கலாம். இரு தரப்பும் உரிமம் பெற்ற கடைக்குப் போய், சிறு கட்டணத்துக்குக் கடைக்காரர் மூலமே சோதனை செய்து கைமாற்றிக்கொள்ள முடியும். துப்பாக்கி விற்கும் உங்கள் நண்பர்களிடம் இதை வற்புறுத்துங்கள்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு உள்ள நண்பர் எனக்காக ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
(வாசகர், டெக்சாஸ்)

பதில்: கூடவே கூடாது. எச்-1பி போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள், தவறினால் விசாவே போகும்.

உங்கள் நண்பருக்கும் ஆபத்துதான். 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்று 4473 கேட்கிறது. உங்கள் பணத்தில் வாங்கிக்கொண்டு அவர் 'ஆம்' என்று எழுதினால் அது பொய். ஆப்ரம்ஸ்கி வழக்கில் (2014) ஒருவர் தன் மாமா அனுப்பிய 400 டாலர் காசோலைக்குக் கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர். ஆனாலும் அது குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்த்தது. தடைசெய்யப்பட்டவருக்காக வாங்கிக் கொடுப்பதற்கு 2022 சட்டப்படி 15 ஆண்டுவரை சிறை.

கேள்வி: பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் படத்தை ஏந்திக்கொண்டு வாஷிங்டன் போகிறார்கள். அதனால் ஏதாவது மாறியிருக்கிறதா?
(வாசகி, இல்லினாய்)

பதில்: மாறியிருக்கிறது. கேட்ட அளவுக்கு இல்லை, கேட்ட வேகத்திலும் இல்லை.

இந்தக் குடும்பங்கள் பொதுவாக 'துப்பாக்கியே வேண்டாம்' என்று கேட்பதில்லை. தங்கள் வீட்டுக்குச் சாவு எந்த வாசல் வழியாக வந்ததோ, அந்த வாசலை அடைக்கச் சொல்கிறார்கள். 1981-இல் அதிபர் ரீகனைக் குறிவைத்த தோட்டாவால் தலையில் காயம்பட்ட, ரீகனின் செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியும் அவர் மனைவி சாராவும் வருடக்கணக்கில் போராடினார்கள். பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கிய, அவர்கள் பெயரிலான சட்டம் 1993 நவம்பர் 30 அன்று கையெழுத்தானது. 'நிக்ஸ்' சோதனை 1998-இல் தொடங்கியது. அதாவது சுடப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டு.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, துப்பாக்கிச் சந்தையிலும் இணைய விளம்பரத்திலும் நடக்கும் விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்ற திருத்தம் செனட்டில் வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. தேவைப்பட்டது 60 என்பதால் தோற்றது. பெரும்பான்மை இருந்தும் தோற்றதைப் பெற்றோர் அங்கேயே அமர்ந்து பார்த்தார்கள். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

அவர்களில் ஒன்பது குடும்பங்கள் வேறு வழியில் போயின. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி நிறுவனங்களைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து காக்கிறது. அதில் உள்ள விதிவிலக்கைப் பிடித்து, சாண்டி ஹூக்கில் பயன்பட்ட ரைஃபிளை ரெமிங்டன் நிறுவனம் விளம்பரம் செய்த விதம் மாநில வணிகச் சட்டத்தை மீறியது என்று வாதிட்டார்கள். 2022-இல் 7.3 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் 2018-இல் 17 பேர் இறந்த பிறகு, ஒரு மாதத்துக்குள் அந்த மாநிலம் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கியது. டெக்சாஸின் யுவால்டியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிறைந்த சில நாட்களிலேயே ரைஃபிள் வாங்கியிருந்தான். அடுத்த மாதம் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம், 21 வயதுக்குக் கீழுள்ளவர் வாங்க வந்தால் சிறார் வழக்குப் பதிவுகளையும் உள்ளூர்க் காவல்துறையையும் விசாரிக்கச் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் மூன்று நாள் பத்து வேலை நாட்களாக நீளும்.

கேள்வி: துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் வாதத்தில் நியாயமே இல்லையா?
(வாசகர், ஜார்ஜியா)

பதில்: இருக்கிறது. 1791-இல் ஏற்கப்பட்ட, அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் துப்பாக்கி வைத்திருக்கும் தனிமனித உரிமையைத் தருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ஹெல்லர் வழக்கில் தீர்த்துவிட்டது. 2022-இல் புரூன் தீர்ப்பு, எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. 2024-இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உட்பட்டவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று அதே நீதிமன்றம் 8-க்கு 1 என்று ஏற்றது. ஆக, உரிமையும் உண்டு, வரம்பும் உண்டு.

அவர்களுடைய பெரிய அச்சம், துப்பாக்கி வைத்திருப்போர் பதிவேடு: இன்று எண்ணுவார்கள், நாளை பறிப்பார்கள் என்பது. ஆனால் தேசியப் பதிவேட்டை 1986 சட்டம் தடுக்கிறது. விற்பனைக்கு அனுமதி கிடைத்தவரின் சோதனைத் தகவல் 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்பட வேண்டும். 2013-இல் தோற்ற அந்தத் திருத்தமே, பதிவேடு உருவாக்கும் அதிகாரிக்கு 15 ஆண்டு சிறை என்று எழுதிவைத்திருந்தது. அப்படியும் தோற்கடித்ததை எங்களால் நியாயப்படுத்த முடியவில்லை.

கேள்வி: என் தம்பி வேலை போனதிலிருந்து சாவைப் பற்றியே பேசுகிறான். வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறான். போலீசைக் கூப்பிட்டால் கைதாகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, மேரிலாந்து)

பதில்: அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். அவர்களில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். துப்பாக்கியால் முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

இன்றே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள், குடும்பத்தாரும் அழைக்கலாம். தம்பி ஒத்துக்கொண்டால் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வைப்பதே மேல். சில கடைகளும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. எடுத்துப் போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அது முடியாவிட்டால் தோட்டாவை நீக்கி, பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்து வைப்பதில் பயனில்லை, ஒளித்த இடம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் மாநிலத்தில் 'ரெட் ஃப்ளாக்' எனப்படும் பாதுகாப்பாணை உண்டு, ஆபத்தில் இருப்பவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்க நீதிமன்றம் தருவது அது. குடும்பத்தாரே மனு போடலாம். இது சிவில் நடவடிக்கை, ஆணை வந்ததால் குற்றப் பதிவு ஏறாது. ஆணையை மீறினால்தான் குற்றம். முதலில் தற்காலிக ஆணை, சில நாட்களில் விசாரணை, பிறகு ஓராண்டுவரை நீடிக்கக்கூடிய இறுதி ஆணை. மனுவில் 'பயமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் போதாது. தம்பி சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதுங்கள். குறுஞ்செய்திகளைப் படம்பிடித்து இணையுங்கள். எத்தனை துப்பாக்கி, எந்த அறையில் என்பதையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு குடும்பம் மகனைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்துவிட்டது. சமைத்துக் கொடுப்பதைத் தவிர என்ன செய்யலாம்?
(வாசகி, கலிஃபோர்னியா)

பதில்: அவர்களுடைய காகித வேலையை ஒருவர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. இறுதிச் சடங்கு, மன ஆலோசனை, இழந்த வருமானம் ஆகியவற்றுக்கு வரம்புக்குள் பணம் கிடைக்கும். விண்ணப்பிக்கக் கெடு உண்டு, துக்கத்தில் அது கடந்துபோவது வழக்கமாக நடக்கிறது.

ஒரு கோப்பில் காவல்துறை வழக்கு எண், விசாரணை அதிகாரியின் பெயர், எல்லா ரசீதுகள், இறப்புச் சான்றிதழின் பல பிரதிகள் இருக்கட்டும். காப்பீடு எதைத் தந்தாலும் அதுபோக மீதியைத்தான் இந்தத் திட்டம் தரும். எனவே காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். சான்றிதழில் சாவுக்கான காரணம் 'நிலுவையில்' என்று இருந்தால் காப்பீட்டுப் பணம் தாமதமாகும், மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் தொடர்ந்து கேட்கவேண்டும். மகனும் சண்டையில் பங்கெடுத்தான் என்று சொல்லி இழப்பீட்டை மறுப்பதுண்டு. அந்த மறுப்புக்கு மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் கெடு உண்டு.

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாதிக்கப்பட்டோருக்கான உதவியாளர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னதாகத் தகவல் சொல்லும்படி அவரிடம் கேளுங்கள். தண்டனை நாளில் பெற்றோர் நீதிமன்றத்தில் பேசலாம். தமிழில்தான் பேச வரும் என்றால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவையுங்கள். மகனின் அலைபேசியும் உடைகளும் சாட்சியப் பொருளாக வழக்கு முடியும்வரை திரும்பி வராமல் போகலாம். அதைத் தாயிடம் யாராவது முன்பே மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.