கமா போல இழுக்கும் சிவப்புப் புள்ளி

கேள்வி: சுவீடனில் மூஸ் (பெரிய மான் இனம்) வேட்டைக்குப் போகும் ரைஃபிளில் ரெட் டாட் (சிவப்பு ஒளிப்புள்ளியால் குறி காட்டும் கருவி) பொருத்தியிருக்கிறேன். புள்ளி வட்டமாக இல்லாமல் கமா மாதிரி இழுத்துத் தெரிகிறதே, பழுதா?

பதில்: பெரும்பாலும் குற்றவாளி கண்தான். கருவிழியின் வளைவு சீராக இல்லாத ஆஸ்டிக்மாடிசம் இப்படித்தான் காட்டும். குண்டுகளை இறக்கிவிட்டு, புள்ளியைச் செல்போனில் படமெடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். 2 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளியே 100 மீட்டரில் சுமார் 6 செ.மீ. மறைக்கும், வெளிச்சம் கூடினால் இன்னும் பூத்துப் பெரிதாகும். 50 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டு, அவற்றின் நடுவை வைத்தே கருவியின் குறி சரிசெய்யும் திருகைத் திருப்புங்கள்; ஒற்றைக் குண்டை நம்பாதீர்கள். பிறகும் குறி அலைந்தால் மவுன்ட் (கருவியை ரைஃபிளோடு இணைக்கும் தாங்கி) திருகுகள்தான்: எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் கருவி) முடுக்குங்கள்.