மாதம் ஒரு ஸ்டேக் விருந்து: வாசகர் கேள்வி – பதில்

மாதம் ஒருமுறை நண்பர் கூட்டமாக ஸ்டேக்ஹவுஸுக்கு (தடிமனான மாட்டிறைச்சித் துண்டுகளை வாட்டித் தரும் உணவகம்) போகும் அமெரிக்கவாழ் வாசகர்கள் கேட்டவற்றில் சில, இந்த இதழில்.

நாங்கள் எட்டுப் பேர். ஒவ்வொரு மாதமும் ‘எந்த நாள், எந்த உணவகம்’ என்று பேசியே இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. கடைசியில் நல்ல இடத்தில் மேசை கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், டாலஸ்

எந்த நாள் என்று மாதாமாதம் பேசாதீர்கள். ‘இரண்டாவது புதன்கிழமை’ என்பதுபோல ஒரு கிழமையை வருடம் முழுவதற்கும் முடிவு செய்துவிடுங்கள். வர முடிந்தவர்கள் வரட்டும். வெள்ளி, சனி வேண்டாம். அன்றைக்குச் சமையலறை திணறும். நீங்கள் கேட்ட பக்குவத்தில் ஸ்டேக் வராமல் போவதும் பெரும்பாலும் அந்த இரவுகளில்தான். செவ்வாய், புதனில் சர்வருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மாதத்துக்கு ஒருவரிடம் கொடுங்கள். அவர் சொல்வதே முடிவு. இணையத்தில் பல உணவகங்கள் ஆறு பேர் வரைதான் முன்பதிவு எடுக்கும். எட்டுப் பேர் என்றால் மூன்று, நான்கு வாரம் முன்பே போன் செய்துவிட வேண்டும். அந்த அழைப்பிலேயே கேட்க வேண்டியவை சில உண்டு. பில்லைப் பிரித்துத் தருவார்களா, எத்தனை கார்டு வரை ஏற்பார்கள்? பெரிய குழுவுக்கு டிப்ஸ் தானாகச் சேருமா, எத்தனை சதவீதம்? எல்லோரும் வந்தால்தான் உட்கார வைப்பார்களா? வராதவருக்கு அபராதம் உண்டா? முன்பதிவுக்குக் கொடுத்த கார்டில் தலைக்கு இவ்வளவு என்று அபராதம் பிடிக்கும் உணவகங்கள் இருக்கின்றன. கார்டு கொடுத்த நண்பர் மட்டும் அதைச் சுமப்பது நியாயமல்ல. கடைசி நேரத்தில் விலகுபவரே கட்ட வேண்டும் என்று குழுவில் முதலிலேயே பேசி வையுங்கள்.

மூன்று பேர் ஒயின் குடிக்கிறார்கள், மூன்று பேர் தண்ணீர்தான். பில்லை ஆறாகப் பிரிக்கிறோம். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனக்கசப்பு இருக்கிறது. – வாசகி, எடிசன், நியூ ஜெர்ஸி

கசப்பு வருவது இயல்பு. தொகையைப் போட்டுப் பாருங்கள். ஆறு பேரின் சாப்பாடு 480 டாலர், ஒயின் 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்ஸி விற்பனை வரி 6.625 சதவீதம். வரிக்கு முந்தைய தொகையில் 20 சதவீதம் டிப்ஸ். சாப்பாட்டுக்கு வரி 31.80, டிப்ஸ் 96. ஆக 607.80, தலைக்கு 101.30. ஒயினுக்கு வரியும் டிப்ஸும் சேர்த்து 189.94. அதைக் குடித்த மூவரும் பிரித்தால் தலைக்கு 63.31. எல்லாவற்றையும் ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 133 டாலர் வரும். தண்ணீர் குடித்தவர் மாதம் 32 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார். வருடத்துக்கு ஏறக்குறைய 380 டாலர்.

தீர்வு எளிது. உட்கார்ந்ததும், முதல் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, ‘மதுவுக்குத் தனி பில்’ என்று சர்வரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாடு சமப்பங்கு, மது குடித்தவர்களுக்கு. சாப்பிட்டு முடித்த பிறகு பிரிக்கச் சொன்னால் சர்வருக்கும் சிரமம், கணக்கும் தவறும்.

உங்கள் மாநிலத்தில் இன்னொரு வசதி உண்டு. மதுபான உரிமங்களின் எண்ணிக்கை அங்கே மக்கள்தொகையை வைத்து மட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், உரிமம் இல்லாத உணவகங்கள் ஏராளம். அவற்றில் பல, வீட்டிலிருந்து ஒயினும் பீரும் கொண்டுவர அனுமதிக்கின்றன. குடிப்பவர்கள் தங்கள் பாட்டிலைத் தாங்களே கொண்டுவந்தால் இந்தக் கணக்கே வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் பில்லில் ‘கிராஜுவிட்டி’ அல்லது ‘சர்வீஸ் சார்ஜ்’ என்ற பெயரில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கவனிக்காமல் மேலும் 20 சதவீதம் எழுதிவிடுவது பெரிய குழுக்களில் அடிக்கடி நடக்கிறது.

எங்கள் குழுவில் பாதிப்பேர் ‘வெல் டன்’ (முழுக்க வெந்தது) தான் கேட்பார்கள். வருவது செருப்புத் தோல். ரத்தம் சொட்டுவதைச் சாப்பிட அவர்களுக்கு மனமில்லை. – வாசகர், சான் ஹோசே

முதலில் அந்த பயத்தை நீக்கிவிடலாம். தட்டில் தேங்கும் சிவப்பு நீர் ரத்தமல்ல. மாட்டை அறுத்ததுமே ரத்தம் வடிக்கப்பட்டுவிடும். தசையில் ஆக்ஸிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர்தான் அது. அந்தப் புரதம் சூடு ஏற ஏறச் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, பிறகு பழுப்பாகும்.

பக்குவம் என்பது துண்டின் நடுப்பகுதி எட்டும் வெப்பநிலை. ரேர் சுமார் 50 டிகிரி செல்சியஸ், அதாவது 120–125 ஃபாரன்ஹீட். மீடியம் ரேர் 54–57 டிகிரி, மீடியம் 60–63, மீடியம் வெல் 65–68. வெல் டன் 71 டிகிரிக்கு மேல். உணவகத்துக்கு உணவகம் ஓரிரு டிகிரி மாறும். சூடு ஏறும்போது தசைப் புரதங்கள் சுருங்கித் தம்மிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. 60 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பிழிதல் வேகமெடுக்கும். தோல்போல ஆவது அதனால்தான்.

வெல் டன்தான் வேண்டும் என்பவர் ஃபிலே மின்யான் என்ற முதுகெலும்பை ஒட்டிய துண்டைக் கேட்கக் கூடாது. அது மிருதுவானது, ஆனால் கொழுப்பு குறைவு. நீர் போனால் அதில் எதுவும் மிஞ்சாது. பணமும் அதற்குத்தான் அதிகம். கொழுப்பு இழையோடும் ‘ரிப்-ஐ’ என்ற விலாப் பகுதித் துண்டைக் கேளுங்கள். நீர் வற்றினாலும் உருகிய கொழுப்பு வாயில் ஈரம் தரும். ஃபிலேதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், நடுவில் பிளந்து விரித்து வாட்டும் ‘பட்டர்ஃபிளை’ முறையில் கேளுங்கள். துண்டு மெலிவதால் வெளிப்புறம் கருகும் முன்பே உள்ளே வெந்துவிடும். இதையெல்லாம் சொன்ன பிறகும், ஒருமுறை மீடியம் கேட்டுப் பாருங்கள் என்றுதான் உங்கள் நண்பர்களுக்குச் சொல்வோம்.

பாதுகாப்பு பற்றியும் கேட்பீர்கள். முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்வது 63 டிகிரி, அதன்பின் 3 நிமிடம் ஆறவிடல். முழுத் துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், வாட்டும்போது அழிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் உணவகங்கள் மீடியம் ரேர் பரிமாறுகின்றன. கொத்துக்கறியில் மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுவதால் அதற்கு 71 டிகிரி. மிருதுவாக்க ஊசியாலோ கத்தியாலோ குத்திய இறைச்சியிலும் கிருமி உள்ளே போக வாய்ப்புண்டு. மலிவான சங்கிலி உணவகங்களில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் 63 டிகிரிக்குக் குறைந்ததைத் தவிர்க்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போது ‘மீடியம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘நடுவில் இளஞ்சிவப்பாக, சூடாக இருக்க வேண்டும்’ என்று நிறத்தையும் சொல்லுங்கள். வந்ததும், சர்வர் மேசையருகே இருக்கும்போதே, நடுவில் வெட்டிப் பாருங்கள். ஓரத்தை வெட்டினால் ஏமாந்துபோவீர்கள். வேகாமல் இருந்தால் திருப்பி அனுப்பி வேகவைக்கலாம். மிகையாக வெந்ததைச் சரிசெய்ய வழியில்லை, புதிதாகத்தான் செய்ய வேண்டும். ரூத்ஸ் கிறிஸ் போன்ற ஸ்டேக்ஹவுஸ்களில் தட்டையே 260 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தட்டில் வைத்தபடி பேசிக்கொண்டிருந்தால் ஸ்டேக் வெந்துகொண்டே போகும். அங்கே ஒரு படி குறைவாகக் கேளுங்கள், அல்லது உடனே பக்கத்துத் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

ஆறு பேருக்கு எவ்வளவு ஆர்டர் செய்வது? ஆளுக்கொன்று வாங்கினால் பாதி மிஞ்சுகிறது. – வாசகர், சிகாகோ

ஆளுக்கொன்று வாங்காதீர்கள். பெரிய துண்டுகளாக மூன்று வாங்கி, நறுக்கி, நடுவில் வைத்துப் பகிருங்கள். செலவு குறையும், ஒரே இரவில் மூன்று விதச் சுவை கிடைக்கும். தடிமனான துண்டில் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பக்குவமும் ஒருசேர அமைவது எளிது. நியூயார்க்கின் புரூக்ளினில் 1887இல் தொடங்கிய பீட்டர் லூகர் ஸ்டேக்ஹவுஸில், போர்ட்டர்ஹவுஸ் என்ற எலும்புள்ள பெரிய துண்டை இருவருக்கு, மூவருக்கு, நால்வருக்கு என்றே தருகிறார்கள். நறுக்கி, எலும்போடு சேர்த்து அடுக்கி, தட்டைச் சாய்த்து வைப்பார்கள். உருகிய வெண்ணெயும் சாறும் ஒரு பக்கம் தேங்கும். அதைக் கரண்டியால் எடுத்து இறைச்சிமேல் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

மெனுவில் எழுதியிருக்கும் எடை பச்சையாக நிறுத்தது. ஒரு அவுன்ஸ் 28 கிராம். வேகும்போது நான்கில் ஒரு பங்கு வரை குறையும். எலும்பு இருந்தால் அதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழியுங்கள். சைடு டிஷ்களோடு சாப்பிடும்போது ஒருவருக்கு வெந்த இறைச்சி 200 கிராம் தாராளம். ஆக ஆறு பேருக்கு 40 அவுன்ஸ் போர்ட்டர்ஹவுஸ் ஒன்று, 22 அவுன்ஸ் எலும்புள்ள ரிப்-ஐ ஒன்று, 14 அவுன்ஸ் நியூயார்க் ஸ்ட்ரிப் (எலும்பில்லாத முதுகுப் பகுதித் துண்டு) ஒன்று போதும். கழிவு போக, ஆளுக்கு 200 கிராமுக்குச் சற்று மேலேயே வரும்.

போர்ட்டர்ஹவுஸும் டி-போனும் ஒரே இடத்துத் துண்டுகள். டி வடிவ எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறுபக்கம் ஃபிலே. ஃபிலே பக்கம் குறைந்தது 3.2 சென்டிமீட்டர் அகலம் இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ் என்று அழைக்க அமெரிக்க விதி அனுமதிக்கிறது. டி-போனுக்கு 1.3 சென்டிமீட்டர் போதும். பகிர்ந்து சாப்பிட போர்ட்டர்ஹவுஸே மேல்.

டோமஹாக் படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் அது நீண்ட எலும்போடு விட்ட ரிப்-ஐ தான், சுவையில் மாற்றமில்லை. எலும்பின் எடைக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள்.

ஒரே துண்டைப் பகிரும்போது பக்குவத்தில் சண்டை வருமே என்றால், மீடியம் கேளுங்கள். நன்றாக வெந்தது வேண்டுபவர் ஓரத் துண்டுகளை எடுக்கட்டும், சிவப்பு வேண்டுபவர் எலும்பை ஒட்டிய பகுதியை எடுக்கட்டும். ஒரு சைடு டிஷ் இரண்டு, மூன்று பேருக்குக் காணும். ஆறு பேருக்கு மூன்று போதும், நான்கு தாராளம். ரொட்டிக்கூடையை முதலிலேயே காலி செய்துவிட வேண்டாம்.

‘ட்ரை ஏஜ்டு’ என்று கூடுதல் விலை போடுகிறார்களே, கொடுக்கலாமா? – வாசகர், ஹூஸ்டன்

மேசைக்கு ஒன்று வாங்கிச் சுவைத்த பிறகு முடிவு செய்யுங்கள். பெரிய இறைச்சிப் பாகத்தை உறையிடாமல், 1 முதல் 3 டிகிரி குளிரில், காற்றோட்டமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் மூன்று முதல் ஆறு வாரம் வைத்திருப்பார்கள். நீர் வற்றிச் சுவை செறியும். இறைச்சியில் உள்ள நொதிகள் தசைநார்களைத் தளர்த்தும். எடை குறைவதும், காய்ந்த மேலோட்டைச் செதுக்கி எறிவதும்தான் விலைக்குக் காரணம். வறுத்த கொட்டையும் பழைய பாலாடைக்கட்டியும் கலந்ததுபோல ஒரு மணம் வரும். சிலருக்கு அது பிடிப்பதில்லை. ஸ்ட்ரிப்பிலும் ரிப்-ஐயிலும் கேளுங்கள். கொழுப்புப் போர்வை இல்லாத ஃபிலேவுக்கு இது பொருந்தாது.

தரத்துக்கு அமெரிக்க வேளாண் துறையின் முத்திரையைப் பாருங்கள். பிரைம் முதலிடம், அடுத்து சாய்ஸ், பிறகு செலக்ட். கொழுப்பு எவ்வளவு இழையோடுகிறது என்பதே முக்கிய அளவுகோல். ஆங்கஸ் என்பது மாட்டின் இனம், தரத்தின் பெயரல்ல.

கோபே பீஃப் வாங்கலாமா? – வாசகர், சியாட்டில்

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் வளர்ந்த தஜிமா வம்ச மாட்டினுடையது மட்டுமே கோபே. அமெரிக்காவில் மிகச் சில உணவகங்களுக்கே அது வருகிறது. மலிவாகக் ‘கோபே பர்கர்’ என்று கண்டால் விட்டுவிடுங்கள். உண்மையான ஜப்பானிய வாக்யு (கோபேயையும் உள்ளடக்கிய ஜப்பானிய மாட்டு இனங்களின் இறைச்சி) கிடைத்தால் ஆளுக்கு 2, 3 அவுன்ஸ் போதும். அதற்குமேல் கொழுப்பு திகட்டும்.

குழுவில் ஒருவர் சைவம், ஒருவர் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார், ஒருவர் ஹலால் மட்டும். மூவரையும் விட்டுவிட்டுப் போக மனமில்லை. – வாசகி, ராலே

விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் மெனுவில் ‘காய்கறி’ என்ற தலைப்பில் இருப்பதெல்லாம் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்டேக்ஹவுஸில் இது பெரிய கண்ணி. கிரீம்டு ஸ்பினச்சில் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) இருக்கலாம். பிரெஞ்சு ஆனியன் சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. வதக்கிய காளானிலும் அந்தச் சாற்றை ஊற்றுவார்கள். உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு. சீசர் சாலட் சாஸிலும் வூஸ்டர் சாஸிலும் நெத்திலி வகை மீன் சேரும். பார்மசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் (பாலைத் திரிய வைக்கும் நொதி) இருக்கலாம்.

நம்பிக் கேட்கக்கூடியவை: வெண்ணெய் மட்டும் வைத்த பேக்டு பொட்டேட்டோ, பேக்கன் இல்லாத சாலட், தனி வாணலியில் வதக்கிய அஸ்பாரகஸ். இவை போதாது. சைவ நண்பர் மாதாமாதம் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. முந்தைய நாளே போன் செய்து, கோழிச் சாறு சேர்க்காத ரிசோட்டோவோ பாஸ்தாவோ ஒரு தட்டு செய்து தர முடியுமா என்று கேளுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலான சமையலறைகள் செய்து தரும். அவருக்குத் தனி பில் போடுவதும் அவசியம்.

மாட்டிறைச்சி வேண்டாதவருக்கு ஆட்டு சாப்ஸும் சால்மனும் பெரும்பாலான இடங்களில் உண்டு. நியூயார்க் போனால், 1885 முதல் இருக்கும் கீன்ஸ் ஸ்டேக்ஹவுஸின் மட்டன் சாப் அவருக்காகவே செய்ததுபோல இருக்கும். ஹலால் பார்ப்பவருக்குச் சாதாரண ஸ்டேக்ஹவுஸ் ஒத்துவராது. சாஸ்களில் ஒயினும் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹலால் ஸ்டேக்ஹவுஸைத் தேர்ந்தெடுங்கள். பெரிய நகரங்களில் இப்போது நல்லவை இருக்கின்றன.

உறைப்பு இல்லாமல் இறங்கவில்லை. ஹாட் சாஸ் கேட்டால் தவறாக நினைப்பார்களா? – வாசகர், அட்லாண்டா

நினைக்கமாட்டார்கள். ஆனால் முதல் இரண்டு வாய் உப்பும் மிளகும் மட்டுமாகச் சாப்பிடுங்கள். பிறகு சிமிச்சுரி கேட்டுப் பாருங்கள். பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, வினிகர், மிளகாய்த்தூள் சேர்ந்த அர்ஜென்டினா சாஸ் அது. புளிப்பும் பூண்டும் நம் நாக்குக்கு இதமாக இருக்கும், கொழுப்பையும் வெட்டும். எந்த சாஸையும் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள்.

மிஞ்சியதை எப்படிச் சூடாக்குவது? மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிறது. – வாசகி, பீனிக்ஸ்

மைக்ரோவேவ் வேண்டாம். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணி நேரம்தான் கெடு, உங்கள் ஊரில் கோடையில் காரில் வைத்துவிட்டு வேறு கடைக்குப் போகாதீர்கள். மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்ந்திருக்கும்போதே நாருக்குக் குறுக்காக மெல்லியதாக நறுக்குங்கள். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு போட்டு எண்ணெயில் நன்றாக வதக்கி, கடைசியில் இறைச்சியைச் சேர்த்து, ஆவி பறக்கச் சூடானதும் இறக்கிவிடுங்கள். எலும்பை எறியாமல் ஃபிரீசரில் போட்டு வையுங்கள். இரண்டு மாத எலும்பு சேர்ந்தால் ஒரு பானை சூப்புக்கு ஆகும்.