ஜார்க்கண்டின் முண்டாப் பழங்குடிகள் பேசும் முண்டாரி, தமிழோடு உறவுள்ள மொழியா?

கேட்டவர் அனேகமாக அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் படித்திருப்பார். ஜார்க்கண்ட் பழங்குடிகள் எல்லாரும் பேசுவது தமிழின் தங்கை மொழியாம். சிரிக்க எனக்கு அருகதை இல்லை. அதே உளறலை நட்டநடுச் சந்தையில் உளறியவன் நான்.

2013-லிருந்து இரண்டு வருடம், ராஞ்சிக்குத் தெற்கே குந்தியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. வெள்ளையரை எதிர்த்த பழங்குடித் தலைவர் பீர்சா முண்டா பிறந்த உலிஹாத்து அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் கிளைக் காவலாளி உராவ்ன் என்ற இன்னொரு பழங்குடியைச் சேர்ந்தவர், முன்னாள் ராணுவத்துக்காரர். ஒருநாள் பொழுதுபோகாமல் அவர் மொழியில் எண்ணச் சொன்னேன். "ஓண்ட், ஏண்ட், மூண்ட், நாக்" என்றார். 'நான்' என்பதற்கு ஏன், 'நீ' என்பதற்கு நீன். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றிரவே ஊருக்குப் போன் போட்டு அண்ணனைத் தூங்கவிடவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தை நாளில் சால் இலைத் தொன்னையில் ஹண்டியா (அரிசிக் கள்) விற்கும் ஒரு முண்டாக் கிழவியிடம் போய், "மௌசி (சித்தி), உங்க பாஷையும் எங்க பாஷையும் ஒண்ணு, எண்ணிக் காட்டுங்க" என்று இந்தியில் சொன்னேன். பக்கத்தில் பத்துப் பேர். மௌசி தொன்னையைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கினார்: மியத், பரியா, அபியா, உபுனியா... எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஏழுக்கு 'ஏயா' என்றதும், "பாத்தீங்களா, ஏழு!" என்று துள்ளினேன். அடுத்து எட்டைத் தாண்டி 'அரேயா' என்றார். ஆறைத்தான் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்து நான் தலையாட்ட, அது ஒன்பதாம். "பாபு, நீ சொல்றது உராவ்ன் பேச்சு" என்றார். சந்தையே சிரித்தது.

விஷயம் இதுதான். உராவ்ன்கள் பேசும் குடுக் திராவிட மொழி, நமக்குச் சொந்தம். முண்டாரி, சந்தாலி, ஹோ எல்லாம் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். மேகாலயாவின் காசி, கம்போடியாவின் கெமர், வியட்நாமியம் இவற்றுக்குத்தான் உறவு. முண்டாரியில் கண்ணுக்கு 'மெத்', வியட்நாமில் 'மத்'. உராவ்ன்களும் முண்டாக்களும் பக்கத்துப் பக்கத்து ஊரில் வாழ்கிறார்கள், ஆளுக்கொரு குடும்பத்து மொழி. தண்ணீருக்கு முண்டாரியில் 'தா' மாதிரி ஒரு சொல், கடைசியில் தொண்டையைச் சட்டென்று அடைக்க வேண்டும். எனக்குக் கடைசி வரை அது வரவில்லை.

ஒரே ஒரு ஆறுதல். 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு அவர்களிடமும் உண்டு: அபு, அலே. இருவருக்கென்றே தனியாக அலாங், அலிங் என்று இன்னொரு ஜோடியும் வைத்திருக்கிறார்கள். இந்தியில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஹம்'. ஆனால் இதை வைத்துக்கொண்டு உறவு கொண்டாட வராதீர்கள். இந்த வேறுபாடு உலகத்தில் வேறு பல மொழிகளிலும் இருக்கிறது.

"நீ என்ன மொழியியல் படித்தவனா?" என்று கமெண்ட்டில் வருவீர்கள், தெரியும். பி.காம்தான். ஆனால் 2011 கணக்கெடுப்பில் 11 லட்சம் பேர் தாய்மொழி என்று சொன்ன பேச்சு முண்டாரி. அதை இந்தியிலேயே கொஞ்சம் கொச்சை என்று நினைத்துக் கவுன்டரில் கத்திய அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் நானும் கத்தினேன். சந்தாலிக்கு 2003-ல் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் (அங்கீகரிக்கப்பட்ட மொழிகளின் பட்டியல்) இடம் கிடைத்தது, முண்டாரி இன்னும் வெளியேதான் நிற்கிறது.