ஓராண்டுச் சிக்கனத்துக்குப் பிறகும் அசையாத கடன்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன், வாஷிங் மெஷின் தவணை, அண்ணனிடம் வாங்கிய கைமாற்று என்று நாலு பக்கமும் கடன். ஒரு வருடமாக வீட்டுச் செலவை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். புதுத்துணி எடுக்கவில்லை, ஊர் சுற்றப் போகவில்லை, மகளை ஓவிய வகுப்பிலிருந்துகூட நிறுத்திவிட்டேன். ஆனால் கார்டு பாக்கி போன வருடம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் இன்றும் இருக்கிறது. இப்போது ஒரு நிதி நிறுவனம், எல்லாக் கடனையும் ஒன்றாக அடைக்க 12 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடன் தருவதாகச் சொல்கிறது. மாதத் தவணை குறையும் என்பதால் கணவருக்கு அதில் ஆசை. வாங்கலாமா? இல்லை என்றால், இன்னும் எதைத்தான் குறைப்பது? செலவு நோட்டின் மூன்று மாதப் பக்கங்களையும் கார்டு கணக்கையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் நோட்டை இரண்டு முறை படித்தேன். சோப்புக்கட்டி முதல் பேனா வரை எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைக்கும் ஒருவர் ஊதாரியாக இருக்க முடியாது. உங்கள் மீது தவறு என்று நினைத்துக் குமைந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. முதலில் அதை விட்டுவிடுங்கள். பணம் வேறொரு வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. அந்த வழி உங்கள் நோட்டில் இல்லை.

உங்கள் அடையாளம் தெரியாமல் இருக்க, குடும்பத்தின் மாத வருமானத்தை 100 என்று வைத்து எல்லாத் தொகைகளையும் அந்த விகிதத்தில் மாற்றிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் கார்டு பாக்கி 180, வட்டி மாதம் 3 சதவீதம். தனிநபர் கடனில் நிலுவை 240, ஆண்டு வட்டி 15 சதவீதம், மாதத் தவணை 12. வாஷிங் மெஷினுக்கு மாதம் 4 வீதம் இன்னும் ஐந்து தவணை. அதற்கு வட்டி இல்லை. அண்ணனுக்குத் தர வேண்டியது 60. அதற்கும் வட்டி இல்லை. வங்கிச் சேமிப்பில் 40 இருக்கிறது. கார்டுக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதத்தை, அதாவது 9 சொச்சத்தைக் கட்டுகிறீர்கள். கடன்களுக்கு 25 போக மீதி 75 வீட்டுச் செலவு.

மாதம் 3 சதவீதம் என்பதை ஆண்டுக்கு 36 என்று நினைத்துக்கொள்கிறோம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது 42.6 சதவீதம். நீங்கள் கட்டும் 9-ல் 5.4 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 4-க்கும் சற்றுக் குறைவு. கார்டை இனி தொடவே மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு இதே 5 சதவீதத்தை மட்டும் கட்டிக்கொண்டு போனாலும், 180 பாதியாகி 90-க்கு வர 32 மாதம் ஆகும். அந்த 32 மாதத்தில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் 216. வாங்கிய கடனைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் பாதிக் கடன் பாக்கி இருக்கும். குறைந்தபட்சத் தொகை என்பது தாமதக் கட்டணத்திலிருந்து உங்களைக் காப்பாற்றும் தொகை. கடனிலிருந்து காப்பாற்றும் என்று யாரும் அதை நம்பிவிடக் கூடாது.

சரி, மாதம் 4 அளவுக்காவது அசல் குறைந்திருக்க வேண்டுமே, பாக்கி ஏன் அசையவில்லை? விடை நோட்டில் இல்லை, கார்டு கணக்கில் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் கார்டில் ஏறிய புதிய செலவுகள் ஆறே ஆறு: இரண்டு காப்பீட்டு பிரீமியம், இரண்டு முறை பள்ளிக் கட்டணம், வண்டி பழுது, பல் சிகிச்சை. எல்லாம் சேர்த்து 48. இவற்றில் ஒன்றுகூட ஆடம்பரம் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் செலவு என்பதால் மாத பட்ஜெட்டில் எதற்கும் இடமில்லை. வந்தபோதெல்லாம் கார்டைத் தேய்த்திருக்கிறீர்கள். வருடம் முழுக்கக் கட்டி இறக்கிய அசல் சுமார் 46, ஏறியது 48. தண்ணீர் இறைத்த கணக்கும் ஊறிய கணக்கும் நேராகிவிட்டது. போதாததற்கு, பழைய பாக்கி இருக்கும்போது பெரும்பாலான கார்டுகளில் புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், இன்னும் குறையுங்கள் என்பதல்ல. 48-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 4 எடுத்துத் தனிக் கணக்கில் வையுங்கள். எந்த மாதம் எது வரும் என்று ஒரு தாளில் எழுதி, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். பல் வலியும் வண்டிப் பழுதும் தேதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆனால் ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒன்று வரும் என்பது நிச்சயம். அதையும் சேர்த்துத்தான் இந்த 4. இதைச் செய்யாமல் வேறு எந்தச் சிக்கனத்தைச் செய்தாலும் அடுத்த வருடம் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

இனி அந்த 12 சதவீதக் கடன். நீங்கள் அனுப்பிய தாளில் இது ‘ஃபிளாட்’ வட்டி என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. அதாவது, மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் மூன்று வருடமும் வட்டி போடுவார்கள். கடைசி மாதம் உங்கள் கையில் அவர்களுடைய பணம் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும். வட்டி மட்டும் முழுதுக்கும். குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறைக்கு மாற்றினால் இது ஆண்டுக்குச் சுமார் 21 சதவீதம். கார்டு வட்டியைவிட இது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடனால் அடைக்கப்போவது கார்டை மட்டுமா? 15 சதவீதக் கடனையும், வட்டியே இல்லாத அண்ணன் பணத்தையும் சேர்த்து 21-க்குத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்த 480-க்கு மூன்று வருட வட்டி 173. மாதம் 21 கட்டுவது 18 ஆகக் குறைகிறது என்பது உண்மைதான். அந்த மூன்றுக்காக மூன்று வருடம் கட்டிப்போடப்படுகிறீர்கள். பரிசீலனைக் கட்டணம் தனி. கணவரிடம் தவணைத் தொகையைப் பற்றிப் பேசாதீர்கள். ‘மொத்தம் எவ்வளவு வட்டி?’ என்ற ஒரே கேள்வியை இருவருமாக அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு ஆசை தானாக அடங்கும்.

கார்டு கொடுத்த வங்கியிடம், பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணைகளாக மாற்றித் தர முடியுமா என்று கேட்பது வேறு. அது கிடைத்தால், குறையும் நிலுவைக்கு வட்டி என்பதையும் கட்டணங்களையும் பார்த்துவிட்டுத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் திட்டம் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சேமிப்பில் இருக்கும் 40-ல் 20-ஐ இன்றே கார்டுக்குக் கட்டுங்கள். கை நடுங்கும், தெரியும். சேமிப்பு என்பது நிம்மதி. ஆனால் ஒரு கையில் மிகக் குறைந்த வட்டிக்கு வைத்துக்கொண்டு மறுகையில் மாதம் 3 சதவீதம் கொடுப்பது உங்களை வறுமைப்படுத்துகிறது. முழுதையும் கட்டச் சொல்லவில்லை. மிச்ச 20 அப்படியே இருக்கட்டும். ஆண்டுச் செலவுக்கான தனிக் கணக்கு நிரம்புவதற்குள் பிரீமியம் வந்து நின்றால் அதிலிருந்து எடுங்கள், கார்டிலிருந்து எடுக்காதீர்கள். கார்டை வீட்டில் பூட்டி வையுங்கள். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். பர்ஸில் இல்லாத கார்டு, போனில் இருந்தால் பயனில்லை.

பாக்கி 160. இனி மாதம் 12 கூடுதலாகக் கட்ட வேண்டும், ஆண்டுச் செலவுக்கு 4 வேண்டும். ஆக 16. நோட்டில் தேடினேன்.

நீங்கள் வருந்தி வருந்திக் குறைத்ததெல்லாம் சில்லறை. மூன்று மாதமாக வீட்டுக்கு வெளியிலிருந்து உணவு வரவழைத்த பதிவுகளைக் கவனித்தேன். ஏறத்தாழ எல்லாமே புதன், வியாழன் இரவுகள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் ‘இன்றும் எட்டரை ஆகிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ருசிக்காக வாங்கிய உணவே இல்லை. இருவரும் களைத்து வந்த இரவில் வேறு வழியில்லாமல் வாங்கியது. இதை மனஉறுதியால் நிறுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு இரவுக்கும் சேர்த்துச் சமைத்து எடுத்து வைத்தால்தான் நிற்கும். சமையலில் கணவரும் பிள்ளைகளும் கை கொடுத்தால்தான் அது உங்கள் மேல் இன்னொரு பாரமாக விழாது. முழுதும் நிற்க வேண்டாம். 8 ஆகிறது, 4 ஆகட்டும்.

இரண்டாவது வண்டி வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறது. அதற்கு எரிபொருள், பராமரிப்பு, நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 6. அதைக் கொடுத்துவிடுங்கள். விற்ற பணம் வந்தால் நேராகக் கார்டுக்கு. என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. தானாகக் கழியும் சந்தாக்கள் 3, அதில் 1 போதும். ஆன்லைனில் வாங்கிய சில்லறைப் பொருட்கள் 7. ஒவ்வொன்றும் சின்னது, அதனால்தான் கண்ணில் படவில்லை. வேண்டியதை எழுதி வைத்து, மாதக் கடைசியில் ஒரே முறை வாங்கினால் 2-க்குள் அடங்கும். எழுதி வைத்ததில் பாதி அதற்குள் தேவையில்லாமல் போயிருக்கும்.

நான்கு இடத்தில் 17 வந்துவிட்டது. காப்பீட்டைக் குறைக்காதீர்கள், மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். விளக்கை அணைத்தாயா என்று பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கு நிற்பதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. குறைத்த செலவு தானாகக் கடனுக்குப் போகாது. வெளி உணவில் மிச்சமான 4, கணக்கில் சும்மா கிடந்தால் அது வேறொரு செலவாக மாறிவிடும். ஒரு வருடமாக உங்கள் வீட்டில் நடந்தது இதுவும்தான். சம்பளம் வரும் நாளிலேயே கார்டுக்கு 21, தனிநபர் கடனுக்கு 12, தவணைக்கு 4, ஆண்டுக் கணக்குக்கு 4 என்று நான்கும் கிளம்பிவிட வேண்டும். வங்கியில் தானியங்கி உத்தரவு கொடுத்துவிடுங்கள். பிறகு இருப்பதை நான்கு வாரத்துக்குப் பிரித்துக்கொண்டு வாழுங்கள். பாக்கி குறையக் குறையக் கார்டு நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறையும். அதைப் பார்த்து நீங்களும் குறைக்காதீர்கள். 21 என்றால் 21.

ஆறாம் மாதத்திலிருந்து வாஷிங் மெஷின் தவணை 4 விடுபடும். அதையும் கார்டில் சேர்த்து 25 கட்டினால், ஒன்பதாம் மாதம் கார்டு முடிகிறது. அந்த மாதம் கட்ட வேண்டியது 4-க்கும் குறைவு. மிச்ச 21-ஐ சேமிப்பில் போடுங்கள். பழைய 40 திரும்பி வந்துவிடும்.

அதன் பிறகு வட்டிக் கணக்குப்படி தனிநபர் கடனைத்தான் அடைக்க வேண்டும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் மாதங்களில் 20 வீதம் அண்ணனுக்குக் கொடுத்து முடியுங்கள். இதனால் வட்டியில் உங்களுக்கு 4-க்கும் குறைவாகவே கூடுதலாகப் போகும். ‘அண்ணன் கேட்கவே மாட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், அவர் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இந்த வாரமே அவரிடம் பேசி, எந்த மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். தேதி சொல்லிவிட்டால் அவர் வாசலுக்குத் தலைநிமிர்ந்து போகலாம்.

பதின்மூன்றாம் மாதத்திலிருந்து 12-உடன் 25 சேர்த்துத் தனிநபர் கடனுக்குக் கட்டினால் பதினாறாம் மாதம் அதுவும் முடியும். முன்கூட்டியே கட்டினால் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பதினாறு மாதத்தில் எல்லாக் கடனுக்குமாக நீங்கள் கட்டும் மொத்த வட்டி சுமார் 56. அந்த நிறுவனம் கேட்டது 173.

நடுவில் தளர்ச்சி வரும். பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது மாதத்தில், குறைவதும் கண்ணுக்குத் தெரியாமல் முடிவும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் சமயத்தில் வரும். ஐந்தாம் மாத முடிவில் கார்டு பாக்கி 74 என்று இருக்க வேண்டும். இந்த எண்ணை இப்போதே எழுதி வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு மாதம் இடறி 21 கட்ட முடியாமல் 15 கட்டினால் திட்டம் உடைந்துவிடாது, சில வாரம் நீளும், அவ்வளவுதான்.

நான்கு இடத்தில் 17 கிடைத்தது என்றேன், தேவைப்பட்டது 16. மிச்சம் 1. உங்கள் நோட்டில் ஓவிய வகுப்பு என்ற வரியைச் சிவப்பு மையால் இரண்டு முறை அடித்திருக்கிறீர்கள். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. அதன் கட்டணம் சரியாக 1. அடுத்த மாதம் வகுப்பு தொடங்கும் நாளைக் கேட்டு மகளைச் சேர்த்துவிடுங்கள்.