சிங்கி இறாலைப் படித்து என்ன வேலைக்குப் போவாள்?

அண்ணாச்சி, வணக்கம். உவரியிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படிக்கும் மகள் நர்சிங் வேண்டாம், மீன்வளம்தான் படிப்பேன் என்கிறாள். அதிலும் லாப்ஸ்டர் என்று சொல்லும் சிங்கி இறாலைத்தான் ஆராய்ச்சி செய்வாளாம். "காலமெல்லாம் அதைப் பிடிச்ச எனக்கே ஒண்ணும் மிஞ்சல. அதைப் படிச்சா இவளுக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் இடிந்தகரை, கூத்தங்குழி, கூட்டப்புளி என்று நம் கரையோரம் முழுக்க உங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த சிங்கி வேறு, அவள் படிக்கப் போகும் சிங்கி வேறு. அதை முதலில் பேசிவிடுவோம்.

கடலடிப் பாறைத் திட்டில், அதாவது எந்தப் பாரில் கிடக்கும், வலையை எப்போது போட்டு எப்போது எடுக்க வேண்டும், மீசை ஒடியாமல் வலையிலிருந்து எப்படிக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பகலில் பாறை இடுக்கில் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு சிப்பியும் மட்டியும் தேடி வெளியே வரும் என்பதும் தெரியும். உங்கள் கண்ணில் படாத காலம் ஒன்று அதற்கு உண்டு. பெண் சிங்கி வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் லட்சக்கணக்கான முட்டைகளைச் சுமந்து திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முட்டை பொரிந்து வருவதைக் காட்டினால் சிங்கிக் குஞ்சு என்று நீங்களே நம்பமாட்டீர்கள். தட்டையாக, இலை வடிவில், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு பூச்சி அது. பில்லோசோமா என்று பெயர். நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து, திரும்பத் திரும்பத் தோல் உரித்து வளர்கிறது. அப்புறம்தான் சிங்கி உருவம் வருகிறது. பியூருலஸ் என்ற அந்தக் கட்டத்தில் இரையே எடுக்காமல், உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை நம்பிக் கரையோரப் பாறைக்கு நீந்தி வந்து சேருகிறது. லட்சத்தில் எத்தனை தப்பிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால்தான் வளர்ப்பு இறாலுக்குக் குஞ்சு பொரிப்பகம் ஊர் ஊராக இருந்தும், நம் நாட்டில் நீங்கள் பாரில் பிடிக்கும் கல் சிங்கிக்கு வியாபார அளவில் ஒன்றுகூட இல்லை. இத்தனை மாதம் அந்தக் குஞ்சை உயிரோடு வைத்து, அது விரும்பும் தீனியைக் கொடுத்து, நோய் வராமல் தொட்டியில் வளர்ப்பது அவ்வளவு சிரமம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தட்டையான மணல் சிங்கியில் குஞ்சுப் பருவத்தைத் தொட்டியிலேயே முடித்துக் காட்டியிருக்கிறது. அதற்குக் குஞ்சுப் பருவம் குறைவு, ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் பாரில் பிடிக்கும் இனத்துக்கு அது இன்னும் கைகூடவில்லை. கடலில் கூண்டு வைத்துச் சிங்கி வளர்ப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுவும் கடலில் பிடித்த குட்டியைக் கொழுக்க வைக்கும் வேலைதான். குட்டியைப் பிடித்துக்கொண்டே போனால் நாளை பாரில் என்ன மிஞ்சும்? உங்கள் மகள் ஆசைப்படுவது இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் என்றால், அதை விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம்.

சிங்கிக்கென்று தனிப் பட்டம் கிடையாது. அவள் சேர வேண்டியது மீன்வள அறிவியல் இளங்கலையான பி.எஃப்.எஸ்ஸி. நான்கு வருடப் படிப்பு. தூத்துக்குடியில் 1977 முதல் இருக்கும் மீன்வளக் கல்லூரி இப்போது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. திருச்செந்தூர் வழியாகப் பஸ் ஏறினால் போய்விடலாம், விடுதியும் உண்டு. சேர்க்கைக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசும். வளர்ப்பு, பதப்படுத்துதல், வலை, படகு, பொருளாதாரம் எல்லாம் கலந்து படிப்பார்கள். சிங்கியைத் தனியாக எடுத்துக்கொள்வது அதன் முதுகலையான எம்.எஃப்.எஸ்ஸிக்குப் பிறகுதான். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முதல் வருடமே சிங்கியைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போய், பாதியில் முகம் வாடும் பிள்ளைகள் உண்டு.

படித்து முடித்தால் மாநில மீன்வளத் துறையில் ஆய்வாளர், சார் ஆய்வாளர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு இருக்கிறது. ஆனால் வருடம் தவறாமல் அறிவிப்பு வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கு மீன்வளப் பட்டமும் செல்லும். இது பலருக்குத் தெரிவதில்லை. தனியாரில் தீவனக் கம்பெனி, இறால் பொரிப்பகம், ஏற்றுமதி ஆலை என்று கதவுகள் உண்டு. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஏற்றுமதி ஆலையில் இந்தப் படிப்புக்கு என்ன வேலை என்பீர்கள். ஏலத்தில் உயிருள்ள சிங்கிக்கு ஒரு விலை, செத்ததுக்கு ஒரு விலை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது தெர்மோகோல் பெட்டிக்குள் குளிரில் மயங்கின நிலையில், ஈரம் காயாமல், உயிரோடு விமானத்தில் வெளிநாடு போய்ச் சேர வேண்டும். எந்தச் சூட்டில் வைக்க வேண்டும், தோல் உரிக்கப் போவதை எப்படிக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும், தொட்டித் தண்ணீரை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று பார்க்கப் படித்த ஆள் வேண்டும். அளவும் பார்க்க வேண்டும். 2003-இல் மத்திய வர்த்தக அமைச்சகம் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. நம் பக்கம் அதிகம் சிக்கும் பானுலிரஸ் ஹோமரஸ் என்ற கல் சிங்கி இனம் 200 கிராம், பெரிதாக வளரும் ஆர்னேட்டஸ் 500, பாலிபேகஸ் 300, மணல் சிங்கி 150. இதற்குக் கீழே இருப்பதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சின்னது உள்ளூரில் என்ன ஆகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விஞ்ஞானியாக வேண்டும் என்றால் பாதை நீளம். பட்டத்துக்கு மேல் இரண்டு வருடம் எம்.எஃப்.எஸ்ஸி. தூத்துக்குடியிலும் படிக்கலாம், மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்திலும் படிக்கலாம். அப்புறம் முனைவர் பட்டம், அகில இந்தியத் தேர்வு. பத்து வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடங்கள் குறைவு. முதுகலையில் நல்ல ரேங்க் வந்தால் உதவித்தொகை கிடைக்கும் என்பதால் பத்து வருடமும் உங்கள் கைக்காசில் ஓட வேண்டியதில்லை. ஏலக் கூடத்தில் நோட்டோடு நின்று எந்தப் படகில் எவ்வளவு வந்தது என்று எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்ன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் அப்படி வருவார்கள். 1947 முதல் இருக்கும் அந்த நிறுவனத்துக்குத் தூத்துக்குடியிலும் நிலையம் உண்டு.

"பொம்பளப் பிள்ளை கடலுக்குப் போகணுமே" என்று எழுதியிருந்தீர்கள். நான் மேலே சொன்ன வேலைகளில் பெரும்பாலானவை கரையில் நடப்பவை. பயிற்சிக்குப் படகு ஏறுவார்கள், அதற்குப் பயந்தால் முடியாது. உவரியில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயம் உங்களுக்குத்தான்.

மதிப்பெண் கொஞ்சம் குறைந்தால்? பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ நல்ல கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் சேரட்டும், பிறகு கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. போகலாம். ஆனால் பி.எஃப்.எஸ்ஸிக்கென்றே ஒதுக்கிய சில வேலைகளுக்கு அந்த வழியில் விண்ணப்பிக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். பெயரில் 'மரைன்' என்று போட்டு லட்சக்கணக்கில் நன்கொடை கேட்கும் இடங்களுக்குப் படகை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செலவைப் பற்றி இன்னொன்று. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு மீன்வளப் படிப்புக்கும் உண்டு. உங்கள் ஊரில் பலரும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறார்கள், அவர்களுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. ஆனால் தமிழ் வழியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு வாய்ப்பிருக்கிறது. மகள் எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை, அடுத்த முறை எழுதுங்கள்.

தேர்வு முடிந்து முடிவு வரும் வரை அவளை ஏலக் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், ஒரு தராசு போதும். உங்கள் படகில் வரும் ஒவ்வொரு சிங்கியின் எடை, தலை ஓட்டின் நீளம், ஆணா பெண்ணா, முட்டை இருக்கிறதா என்று எழுதட்டும். ஒரு வாரத்தில் சலிப்பு வந்தால் நர்சிங் பற்றிப் பேசலாம். வராவிட்டால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், உங்கள் மீனவர் நல வாரிய அட்டை எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். முடிவு வந்த கையோடு விண்ணப்பம் தொடங்கிவிட்டால், தாலுகா ஆபீசில் வரிசையில் நிற்க நேரம் இருக்காது.