தக்கலைப் பக்கம் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் தொடங்க எப்படித் தயாராவது?

பொம்மையும் சுவர் ஓவியமும் பிறகு. முதலில், உங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள் என்று விசாரியுங்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் நாகர்கோவில் அலுவலகங்களுக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. 9 மணிக்குத்தான் கதவைத் திறப்பீர்கள் என்றால் முதல் கூட்டம் வரவே வராது.

2 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அங்கன்வாடி இலவசம். எனவே உங்களைத் தேடி வருவது பெரும்பாலும் கைக்குழந்தைகளாகவே இருக்கும். அவர்களைத் தனி ஆளாகப் பார்க்க முடியாது. துணைக்கு ஆள் கிடைத்த பிறகே சேர்க்கையைத் தொடங்குங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்ட வீடுகளில் கிணறு சாதாரணம். கைப்பிடிச்சுவர் போதாது, பூட்டுடன் இரும்பு வலை போடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. துணி காய மழைபடாத இடம் இல்லாவிட்டால் ஜூனிலேயே திணறிப்போவீர்கள்.

கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகளைப் பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

இன்னொன்று: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தரவேண்டும் என்ற விதியை 2017-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பக்கத்து ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் பேசிப் பாருங்கள்.